கணக்கைக் குக்கிராமத்தில் தொடங்குவோம்: ஊரகத் தமிழகத்தின் இணையத் தேவை

சிங்கப்பூரிலிருந்து கடலடிக் கண்ணாடி இழை வடம் சென்னைக் கரையை 2002-லேயே எட்டிவிட்டது. அதன் பிறகு வேறு பல வடங்களும் இங்கே வந்து சேர்ந்தன. 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னை - அந்தமான் கடலடி வடம், சுமார் 2,300 கிலோமீட்டர் கடலுக்கடியில் ஓடி, 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. இன்று தியாகராய நகரில் ஓர் அடுக்கக வாசலில் மூன்று நான்கு நிறுவனங்கள் இணைப்பு தரப் போட்டி போடுகின்றன. இதே நகரத்திலிருந்து இருநூறு கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் ஜவ்வாது மலையிலும், கொல்லிமலையின் உட்கிராமங்களிலும், ராமநாதபுரத்துக் கண்மாய்க்கரைக் குடியிருப்புகளிலும் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டியிருக்கிறது. கொரோனா ஊரடங்கில் பள்ளிப் பிள்ளைகள் மரத்திலும் பாறையிலும் ஏறி அமர்ந்து பாடம் கேட்ட படங்களை நாம் எல்லோரும் நாளிதழ்களில் பார்த்தோம்.

கடலைத் தாண்டுவதற்கு இரண்டு ஆண்டு போதுமென்றால், நிலத்தில் ஏன் இத்தனை ஆண்டு? பணம் இல்லை என்று சொல்ல முடியாது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து 5 சதவீதம் இதற்கென்றே பல ஆண்டுகளாகப் பிடிக்கப்படுகிறது. அந்த நிதிக்கு இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். தொழில்நுட்பமும் கையில் இருக்கிறது. கோளாறு அதற்கு முந்தைய படியில் என்பது என் கருத்து. ஊருக்கு எவ்வளவு இணையம் வேண்டும், யாருக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதை ஊரிலிருந்து அளக்காமல் தலைநகரத்து மேசையிலிருந்து அளந்தோம். போட்ட வடத்தின் நீளமே முன்னேற்றமாகிவிட்டது.

ஊரிலிருந்து அளப்பது எப்படி என்பதற்குத் தென்சென்னையிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி வட்டாரத்தில் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. கணினியை இறக்கி வைத்துவிட்டு ஆட்களைத் தேடுகிற வேலையை அவர்கள் செய்யவில்லை. ஊர்களில் செய்தி எப்படி நடமாடுகிறது என்று முதலில் விசாரித்தார்கள். உரம் பற்றி யாரிடம் கேட்கிறார்கள், விலையை எங்கே தெரிந்துகொள்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் உள்ளூர்க் கடைக்காரரும் சந்தையும் இடுபொருள் விற்பவரும்தான் ஊருக்குத் தகவல் சொல்பவர்கள் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் மையம் வந்தது.

வில்லியனூர் நடுவமாக இருந்தது. அங்கே தொலைபேசி வழி இணையம். அங்கிருந்து கிராமங்களுக்கு வி.எச்.எஃப். வானொலி அலை. மின்தடைக்கு சூரியத் தகடு. இன்றைய கணக்கில் அந்த வேகம் ஒன்றுமே இல்லை. ஆனால் வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு செய்தி: நாளை அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அதை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் ஊர் முழுக்க ஒலிக்கவிட்டார்கள். கணினித் திரையைப் பார்க்கத் தெரியாதவர்களுக்கும், மையத்துக்கு வர நேரமில்லாதவர்களுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்தில் அமைந்தது. இடத்தை ஊர் இலவசமாகத் தர வேண்டும்; தலித் மக்கள் உட்பட எல்லோரும் தடையில்லாமல் வந்துபோக வேண்டும்; மையத்தை நடத்த உள்ளூர்த் தொண்டர்கள், முக்கியமாகப் பெண்கள் முன்வர வேண்டும். இவை நிபந்தனைகள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில் அந்த ஒலிபெருக்கியே உயிர் காத்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் பேச, மையத்தின் ஒலிபெருக்கி வழியே எச்சரிக்கை போனது. மக்கள் கரையை விட்டு ஓடித் தப்பினார்கள்.

அடுத்த பாடம் அடையாற்றுக்குப் பக்கத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம், கிராமத்துக்கு நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையம் கொண்டுபோனது. அதை வைத்து மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 முதல் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. ஐ.ஐ.டி.யோடு அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் இதில் இணைந்திருந்தன. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மையத்திலிருந்தே மனு அனுப்பலாம், சான்றிதழ் கேட்கலாம், அரவிந்த் கண் மருத்துவமனையிடம் ஆலோசனை பெறலாம். தொடக்கத்தில் நல்ல வரவேற்பு. சில ஆண்டுகளில் பெரும்பாலான மையங்கள் மூடப்பட்டன.

மூடியதற்கான காரணங்களை ஆய்வாளர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். கடன் வாங்கி மையம் வைத்தவருக்குப் போட்ட பணத்துக்கு ஏற்ற வருமானம் வரவில்லை. கருவி பழுதானால் வந்து பார்க்க ஆள் குறைந்துகொண்டே போனது. எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைப்பது இன்னொன்று: திட்டத்தில் அக்கறை கொண்ட அதிகாரிகள் இருந்தவரை மனுக்களுக்குப் பதில் வந்தது, அவர்கள் மாற்றலாகிப் போனதும் மனுக்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. இணைப்பு இருந்தது, மறுமுனையில் வேலை செய்ய ஆளில்லை. ஊர்க்காரர்கள் மறுபடியும் பஸ் ஏறித் தாலுகா ஆபீஸுக்கே போனார்கள். இணையத் தேவையை மதிப்பிடும்போது மறுமுனையிலுள்ள அலுவலகத்தின் ஆயத்தத்தையும் மதிப்பிட வேண்டும் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் இல்லை.

அதே அரவிந்த் மருத்துவமனை பிறகு தேனியில் செய்தது நிலைத்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, சாதாரண வைஃபை கருவியோடு திசை ஆன்டெனாவைப் பூட்டி, கிலோமீட்டர் கணக்கில் தூரமுள்ள சிற்றூர்க் கண் சிகிச்சை மையங்களைத் தேனி மருத்துவமனையோடு இணைத்தார்கள். மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிக்க, மருத்துவர் தேனியில் இருந்தபடி நோயாளியோடு முகம் பார்த்துப் பேசினார். தேவை ஒன்றுதான், அதுவும் தெளிவானது. முகம் தெரியப் பேசும் அளவுக்கு வேகம், நோயாளிகள் வரும் நேரம் முழுக்கத் துண்டிப்பில்லாத இணைப்பு. மறுமுனையில் மருத்துவர் காத்திருந்தார்.

இந்தப் பாடங்கள் கண் முன்னே இருக்கும்போதுதான், 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை தேசிய கண்ணாடி இழை வலைப்பின்னலுக்கு ஒப்புதல் தந்தது. நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் ஊராட்சி ஒன்றுக்கு நொடிக்கு 100 மெகாபிட் என்பது திட்டம். பின்னர் அது பாரத்நெட் ஆனது. முதல் கட்டத்தில் ஒரு லட்சம் ஊராட்சிகளை முடித்ததாக 2017 கடைசியில்தான் அறிவிக்க முடிந்தது. தமிழ்நாடு இரண்டாம் கட்டத்தில் சேர்ந்து, டான்ஃபிநெட் என்ற தனி நிறுவனத்தை 2018-ல் அமைத்தது. சுமார் 1,815 கோடி ரூபாய்த் திட்டம். 12,525 ஊராட்சிகளுக்கும் 1 ஜிகாபிட் வேகம். ஒப்பந்தச் சிக்கல்களைத் தாண்டி 2022-ல்தான் களப்பணி சூடுபிடித்தது.

100 மெகாபிட் போதுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக ஊரகத்தில் வாழ்பவர்கள் சுமார் 3 கோடியே 72 லட்சம் பேர். ஊராட்சிக்குச் சராசரி மூவாயிரம் பேர், வீடுகள் சுமார் 760. பாதி வீடுகள் இணைப்பு வாங்கினால் 380. மாலை ஏழு மணிக்கு மேல் பிள்ளைகள் பாடம் பார்க்க, அம்மா தொடர் பார்க்க, இளைஞர்கள் கிரிக்கெட் பார்க்க, எல்லா இணைப்பும் ஒரே நேரத்தில் உயிர்பெறும். 100 மெகாபிட்டை 380 வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 263 கிலோபிட். இந்திய அரசு 2004-ல் அகலக்கற்றை என்பதற்குத் தந்த வரையறை 256 கிலோபிட். 2013-ல் அது 512 ஆனது. 2023-ல் 2 மெகாபிட். ஆக, 2011-ல் போட்ட திட்டம் முழுமையாக நிறைவேறி மக்கள் ஆர்வமாகச் சேர்ந்திருந்தாலும்கூட, நெரிசல் நேரத்தில் ஊர் 2004-க்குத்தான் திரும்பியிருக்கும். தமிழ்நாடு 1 ஜிகாபிட் என்று உயர்த்தியது சரியான முடிவு. அதே 380 வீடுகளுக்கு வீட்டுக்கு 2.6 மெகாபிட் தேறும். இன்றைக்குத் தாங்கும். வீட்டுக்கு 4 மெகாபிட் என்ற நிலை வரும்போது ஒன்றரை ஜிகாபிட் வேண்டும். அதற்குப் புதிதாகக் குழி தோண்டத் தேவையில்லை; இழையின் இரு முனைகளிலும் கருவியை மாற்றினால் போதும். கண்ணாடி இழையின் பெரிய பலமே இதுதான்.

ஆனால் இந்தச் சராசரிக் கணக்கு ஓர் உண்மையை மூடிமறைக்கிறது. 12,525 ஊராட்சிகளுக்குள் 79,394 குக்கிராமங்கள் இருக்கின்றன. ஊராட்சிக்கு ஆறுக்கு மேல். ஊராட்சி அலுவலகம் இருக்கும் தாய்க் கிராமத்தில் வடம் வந்து இறங்குகிறது. மற்ற ஐந்து குடியிருப்புகள் ஒரு கிலோமீட்டரிலும் இருக்கலாம், ஐந்து கிலோமீட்டரிலும் இருக்கலாம், மலையில் என்றால் ஓர் ஓடைக்கு அப்பாலும் இருக்கலாம். மேல்நிலைத் தொட்டி கட்டிவிட்டுத் தெருக்குழாய் போடாமல் விட்டதுபோல, ஊராட்சி இணைந்துவிட்டது என்று அறிக்கை போகும். காலனிக்குத் தண்ணீர் வராது. காலனி என்று சொல்லக் காரணம் உண்டு. ஊரும் சேரியும் தனித்தனியாகக் கிடக்கும் நிலத்தில், ஊரோடு நின்றுவிடும் எந்த வசதியும் யாரை வெளியே விடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தடையில்லாமல் வந்துபோக வேண்டும் என்று வில்லியனூர் வட்டாரத்தில் அன்று வைத்த அந்த நிபந்தனை இன்றைய ஒப்பந்தப் புள்ளிகளிலும் இருந்தாக வேண்டும்.

இந்தத் தவறு நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் பல ஆண்டுகளாக, ஒரு கணக்கெடுப்பு வட்டாரத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்பு தர முடிந்தாலும் அந்த வட்டாரம் முழுவதும் இணைப்புள்ளது என்று வரைபடத்தில் குறித்தார்கள். கிராமங்களில் அந்த வட்டாரம் மைல் கணக்கில் விரிந்திருக்கும். விடுபட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதே காகிதத்தில் தெரியவில்லை. கடைசியில் ஒவ்வொரு கட்டடமாகக் குறித்த புது வரைபடத்தை 2022 நவம்பரில் வெளியிட்டு, அதைப் பொதுமக்களே மறுத்து முறையிடவும் வழி செய்தார்கள். 4,245 கோடி டாலர் நிதியைப் பங்கிட அந்த வரைபடமே அடிப்படையானது. நம் ஊராட்சிகளுக்கும் குடியிருப்பு வாரியாக ஒரு வரைபடம், ஊர்க்காரர் பார்த்து ‘எங்கள் தெருவுக்கு வரவில்லை’ என்று எழுதித் தரக்கூடிய வரைபடம் வேண்டும். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டம், 1,39,579 கோடி ரூபாயில், ஊராட்சிக்கு அப்பாலுள்ள கிராமங்களுக்கும் கேட்டால் தருவோம் என்கிறது. கேட்பதற்கு ஊரில் கணக்கு இருக்க வேண்டுமே!

ஆய்வு என்று போய், ‘இணையம் வேண்டுமா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல யாரும் இல்லை. அதனால் ஒரு பயனும் இல்லை. கேட்க வேண்டியவை வேறு. இந்த வீட்டில் மாதம் ரீசார்ஜுக்கு எவ்வளவு போகிறது? ஃபோன் யார் கையில் இருக்கிறது, எந்த நேரத்தில்? போன மாதம் சிக்னல் இல்லாமல் எந்த வேலை நின்றுபோனது? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களே தேவையின் உண்மையான வரைபடம்.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரி 1 முதல், பணித்தளத்தில் நாளுக்கு இருமுறை தொழிலாளர்களைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்பது கட்டாயமானது. படம் ஏறினால்தான் வருகை. வருகை இருந்தால்தான் கூலி. வேலை நடப்பது கண்மாய்க்குள், வரத்துக் கால்வாயில், ஓடைக்கரையில். அங்கே சிக்னல் இல்லையென்றால் பணித்தளப் பொறுப்பாளர் ஃபோனை எடுத்துக்கொண்டு கரைமேட்டில் நடக்கிறார். மண்வெட்டியோடு நிற்கும் பெண்களின் ஒரு நாள் கூலி அந்தப் படம் ஏறுவதில் தொங்குகிறது. ரேஷன் கடையிலும் இதே கதை. 2020 அக்டோபரில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. விற்பனையாளர் கருவியைக் கையில் பிடித்து, சுழலும் குறியைப் பார்த்துக்கொண்டு, ‘பாட்டி, இன்னொரு தரம் விரலை வையுங்க’ என்கிறார். தேய்ந்துபோன ரேகையா, சிக்னல் கோளாறா என்று இருவருக்கும் தெரியாது. வரிசை வெயிலில் நிற்கிறது. இந்த இரண்டு தேவைக்கும் அதிவேகம் வேண்டியதே இல்லை. அறுபடாத இணைப்பு வேண்டும், அதுவும் ஊராட்சி அலுவலகத்தில் அல்ல, மக்கள் நிற்கிற இடத்தில். செல்பேசிக் கோபுரத்தின் வழியாகவோ வைஃபை வழியாகவோ அதைத் தரலாம்; அந்தக் கோபுரத்துக்கும் கண்ணாடி இழை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

பெண்களிடம் தனியே கேட்க வேண்டும் என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்திய ஊரகத்தில் எப்போதாவது இணையம் பயன்படுத்திய ஆண்கள் 48.7 சதவீதம், பெண்கள் 24.6 சதவீதம். வீட்டுத் தலைவரிடம் படிவத்தை நீட்டி நிரப்பி வாங்கினால், வீட்டில் இணையம் இருக்கிறது என்ற பதிலே வரும். அவர் வேலைக்குப் போகும்போது இணையமும் அவர் சட்டைப்பையில் கிளம்பிவிடுகிறது என்பதைப் படிவம் சொல்லாது. வீட்டுக்கு வரும் கம்பி இணைப்பு வீட்டில் இருப்பவர்களுக்கும் சொந்தம். மலிவான மொபைல் டேட்டா இருக்கும்போது கம்பி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே என் முதல் பதில். பதிவேற்ற வேகம் இரண்டாவது. ஊரில் இருந்தே மென்பொருள் வேலை பார்க்க முடியும் என்பதைத் தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் காட்டியிருக்கிறது. அதற்குப் பதிவிறக்க வேகம் மட்டும் போதாது.

கட்டுமானத்துக்கு வருவோம். தமிழகத் திட்டத்தில் சுமார் 85 சதவீத வடம் மின்கம்பங்கள் வழியாகவும் 15 சதவீதம் நிலத்துக்கடியிலும் போகிறது. வானில் கட்டினால் செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும், குடிநீர்க் குழாய்க்கும் சாலை விரிவாக்கத்துக்கும் தோண்டுகிறவர்கள் அறுக்க மாட்டார்கள். பெரும்பாலான மாவட்டங்களுக்கு இது பொருத்தமே. ஆனால் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் மரம் சாய்ந்து கம்பிகள் தெருவெங்கும் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா, டெல்டாவில் மின்கம்பங்களைக் கணக்கின்றிச் சாய்த்தது. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கம்பத்தை நம்பிய வலைப்பின்னல், மிகவும் தேவைப்படும் நாளில்தான் அறுந்து விழும். கடலோர வட்டாரங்களுக்கு முதன்மைத் தடமாவது நிலத்துக்கடியில் போக வேண்டும். திருத்திய பாரத்நெட்டில் ஊராட்சி ஒன்றியத்திலிருந்து ஊராட்சிகளுக்கு வளையமாக இழை இழுப்பது நல்ல திருத்தம். ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கமாகச் சுற்றி வரும்.

இழுத்த பிறகு யார் பார்த்துக்கொள்வது? ஊராட்சிச் சேவை மையக் கட்டடத்தில் ஒரு அலமாரி, அதற்குள் ரவுட்டர், மின்தடையைத் தாங்க யு.பி.எஸ். அறை பூட்டியிருந்து, யு.பி.எஸ். அணைந்திருந்தால், வெளியே எத்தனை கிலோமீட்டர் வடம் ஓடினாலும் ஊருக்கு ஒன்றுமில்லை. வடத்தில் உலோகம் எதுவும் இல்லை, திருடி விற்க முடியாது என்று மாவட்ட ஆட்சியர்கள் பொது அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. செம்பு என்று நினைத்து வெட்டிவிடக் கூடாதே என்ற கவலை. இப்படி ஒரு அறிவிப்புக்குத் தேவை இருக்கும் இடத்தில், ஊர்க்காரர் ஒருவருக்கு அந்தக் கருவிகள் மீது பொறுப்பும் வருமானமும் இருந்தாக வேண்டும். அந்த ஆள் ஏற்கெனவே ஊரில் இருக்கிறார்: கேபிள்காரர். எந்தக் கம்பத்திலிருந்து எந்த வீட்டுக்குக் கம்பி போகிறது, யார் மாதாமாதம் பணம் தருவார், யாருக்குத் தவணை வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மழை பெய்த மறுநாள் காலை வந்து ஏணி போடுகிறவரும் அவர்தான். வருவாயில் பங்கு தந்து உள்ளூர்த் தொழில்முனைவோரைச் சேர்க்கும் முறையை பி.எஸ்.என்.எல். தொடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் அதைக் கேபிள்காரர்களை நடுவில் வைத்து விரிவாக்கலாம். அவருக்கு இழையை ஒட்டும் கருவியும் பயிற்சியும் தர ஆகும் செலவு, மொத்தச் செலவில் ஒரு சிறு துளி.

கட்டணத்தில் அண்டை மாநிலங்கள் இரண்டு வழிகளை முயன்றன. ஆந்திரம் மாதம் 149 ரூபாயில் தொடங்கியது. கேரளம் 2023-ல் தொடங்கிய கே-ஃபோன் மூலம் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று அறிவித்தது; இலக்கை நோக்கிய நடை மெதுவாகவே இருக்கிறது. என்னைக் கேட்டால், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், நூலகம், ரேஷன் கடை ஆகியவற்றின் கட்டணத்தை அரசே நிலையாகக் கட்டிவிட்டால் கேபிள்காரருக்கு அடிப்படை வருமானம் உறுதியாகும். அந்த உறுதியில் வீடுகளுக்குக் கட்டணத்தைக் குறைக்கலாம். மேலூரில் மையங்கள் மூடியதற்குக் காரணமான முதல் ஓட்டை இதனால் அடைபடும்.

இதற்கெல்லாம் புதிய ஆணையமோ புதிய சட்டமோ வேண்டாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதைப் படிக்கும் சென்னைவாசிகளில் பலருக்குச் சொந்த ஊர் வேறெங்கோ இருக்கிறது. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் போய்வருகிறீர்கள். அடுத்த முறை போகும்போது ஊராட்சியில் எத்தனை குடியிருப்புகள், எந்தெந்தக் குடியிருப்பில் இணைப்பு இல்லை, சேவை மைய அறை திறந்திருக்கிறதா என்று பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். ஊர்க்காரர்களிடம் பேசி, அந்தத் தாளை அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வைக்கச் சொல்லுங்கள். அதன் நகல் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் போகட்டும்.